கைவீசி நடந்தவர்

கீழ்வானம் வெளுத்து, மாடங்களின்மேல் படிந்த பனி மெல்லக் கரைந்து, கடைக்கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க, நெருக்கி நின்ற வீடுகளுக்கிடையே வண்டிகளும் மாந்தரும் முட்டி மோதி வழிதேடிய காலைப்பொழுதில், இரவெல்லாம் நோயாளிகளின் தலைமாட்டில் விழித்திருந்த செவிலி ஒருத்தி, தெருக்கோடியிலுள்ள தன் சிறுவீட்டை நோக்கிக் களைத்து நடந்துவந்தாள்.

கற்றறிந்தோரே, அவ்வீட்டில் ஒரு பாயும், இரு தலையணைகளும், அடுக்களையில் சில ஏனங்களுமே இருந்தன என்று கேட்டு இரங்கிவிடாதீர். வறுமையால் அன்று, விரும்பியே அவள் அதனை ஒழித்து வைத்தாள். பார்வையிழந்த அவள் கணவர் ஓர் ஆசிரியர். வெளியில் கோலூன்றித் தயங்கித் தயங்கி நடப்பவர், தம் வாயிலைக் கடந்ததும் கோலை மூலையில் சாய்த்துவிட்டு, பாட்டு முணுமுணுத்துக் கைவீசி உலவுதற்கென்றே, இருந்த பொருள்களை அவள் ஒவ்வொன்றாகக் களைந்தாள். "நம்ம வீட்ல மட்டும்தான்மா எனக்குக் கண்ணு தெரியுது" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். அச்சிரிப்பைக் கேட்டவளுக்கு வேறு செல்வம் எதற்கு?

துணிக்கடை நடத்தும் அவள் அண்ணனுக்கோ அவ்வெறுமை தீராத மானக்கேடு. தங்கை வீட்டில் அமர ஓர் இருக்கையும் இல்லை என்று உறவினர் சிரித்தது அவன் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. ஆதலால் முந்தைய மாலை, அவள் பணிக்குச் சென்றபின், ஆசிரியர் பள்ளியிலிருந்து திரும்புமுன், தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து, மேசையும் நாற்காலிகளும் ஆளுயரக் கண்ணாடி அலமாரியும் கொண்டுவந்து நிரப்பிவிட்டு, தங்கை வந்து பார்த்து வியக்கட்டும் என்று ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டான்.

கதவைத் திறந்த செவிலி கண்டது இதுதான்: நெற்றி பிளந்து, குருதி உறைந்து, சிதறிய கண்ணாடித் துண்டுகளின் நடுவே, எங்கே கால் வைப்பதென்று அறியாமல் இரவெல்லாம் அசையாது அமர்ந்திருந்தார் அவள் கணவர்.

"வேற யார் வீட்டுக்குள்ளயோ வந்துட்டேன்னு நெனச்சேன்மா," என்றார் அவர், மன்னிப்புக் கேட்பவரைப்போல.

அவர் புண்ணுக்கு அவள் கட்டுப் போட்டு முடித்த வேளையில், பாராட்டை எதிர்பார்த்துப் புன்னகையோடு வந்து நின்றான் அண்ணன்.

"என்னம்மா இது! மாப்பிள்ளை கொஞ்சம் பாத்து நடந்திருக்கலாமே!"

சொன்னபின்தான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. அவளோ சினந்து எழுந்தாள்.

"ஊர் வாயை அடைக்க என் புருஷன் நெத்திதான் கெடைச்சுதா அண்ணா?"

"வெறும் வீட்ல எப்படிம்மா இருப்பே? எல்லாரும் என்னைத்தானே கேக்கறாங்க?"

"அது வெறும் வீடு இல்ல. அவர் நடக்கற எடம். உன் கௌரவத்தை உன் வீட்லயே வெச்சுக்கோ. சாவியைக் குடு."

நாற்காலிகளை அவளே தெருவுக்கு இழுத்துப் போட்டாள். அயலார் வேடிக்கை பார்த்தனர், அவள் பொருட்படுத்தவில்லை. நண்பகலுக்குள் வீடு மீண்டும் ஒழிந்தது.

அன்புக்குக் கண் இல்லை என்பர்; அண்ணனுக்கு இருந்தது, அது ஊரார் முகத்தையே பார்த்திருந்தது. அள்ளித் தருவதே அன்பென்று மார்தட்டும் இவ்வுலகம், தான் தந்தது பிறர் கால்வழியில் கிடப்பதை என்றைக்குக் காணும்? அறையில் இப்போது ஒரு பொருளுமில்லை. பெருக்கிப் பெருக்கிக் கடைசிக் கண்ணாடித் துகளையும் அவள் அகற்றிவிட்டாள். "எல்லாம் எடுத்தாச்சுங்க, வாங்க" என்று எதிர்ச்சுவரருகே நின்று அவள் அழைத்தாள். அவர் எழுந்தார்; தம் சொந்த வீட்டில், முதன்முறையாக, இரு கைகளையும் முன்னே நீட்டித் துழாவியபடி வந்தார்.