ஒட்டிவைத்த அப்பா

சேலத்தில் செபஸ்தியான் போட்டோக் கடையில் படங்களுக்கு வண்ணம் தீட்டுவது நான்தான். செத்த புருஷனை வெட்டி, உயிரோடிருக்கும் பெண்டாட்டி பக்கத்தில் ஒட்டுவேன். சேலைக்கரைக்கு நிஜச் சரிகையே வைப்பேன். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கொஞ்சம் செவப்பாப் போடுங்க." நாமகிரிப்பேட்டைப் பண்ணையக்காரர் சென்னிமலை செத்துப்போன தன் தாயாருக்கே அப்படிக் கேட்டார். அந்த அம்மாள் காட்டு வெயிலில் கறுத்தபோது ஐயா எங்கே போயிருந்தாரோ. இப்படிக் கேட்டுவிட்டு, வாசல் தாண்டியதும் என்னை வெள்ளைக்காரனுக்குப் பிறந்த சட்டைக்காரி என்பார்கள். நிறம் வேண்டுமாம், நிறத்தோடு பிறந்தவள் மட்டும் ஆகாதாம். இவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம்.

என் அம்மா ஞானமேரி ஏற்காட்டில் ஒரு துரை பங்களாவில் சமைத்தவள். அந்தத் துரைதான் என் அப்பா. நான் பிறக்குமுன்பே சீமைக்குப் போய்விட்டார். தோட்டத் துரைமார் கூட்டமாக எடுத்துக்கொண்ட பழைய படம் ஒன்று எங்கள் கடையில் இருந்தது. "அதுல அவரும் இருக்காரு" என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள். எவர் என்று நான் கேட்கவில்லை. கேட்பானேன்? முகம் பார்ப்பதே என் பிழைப்பு. நடுவில் நெட்டையாக, நெற்றியும் மூக்கும் என்னைப்போலவே ஒருவர் நின்றார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் எனக்கென்று ஒரு படம் செய்தேன். அட்டையில் காப்பிக்கொட்டைச் சாக்குத் துண்டை இழுத்து ஒட்டி, ஒரு பக்கம் அந்தக் கூட்டப்படத்தை நகலெடுத்து வெட்டிய அவரையும், மறுபக்கம் அவள் பழஞ்சேலைத் துண்டோடு அம்மாவையும் வைத்தேன். நடுவில் நான். அவருக்கு ரோஜா நிறம், அம்மாவுக்கு மாநிறம். இரண்டையும் குழைத்தபோது என் முகத்து நிறம் அச்சாக வந்தது. நான் யார் பிள்ளை என்பதை இனிச் சுவரே சொல்லும். இருபது வருஷமாக எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அம்மா படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இவரு யாரு?"

"அப்பாம்மா."

"இவரு பக்கத்துத் தோட்டத்துத் துரை, சாமி. உங்கப்பா இவரில்ல."

கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய படத்தை எடுத்து நீட்டினேன். ஓரத்தில், அடுத்தவர் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து, கண்ணை மூடியபடி நின்ற ஒரு குள்ளத் தொந்திக்காரர்மேல் விரலை வைத்தாள். எவ்வளவு தேடியும் அந்த முகத்தில் என் ஜாடை இல்லை. நெட்டைத் துரையிடம் நான் கண்டதெல்லாம் என் ஆசைதான்.

"வெட்டி மாத்திடறேம்மா" என்றேன், மனசே இல்லாமல்.

அம்மா இரண்டு துரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேண்டாம். இவரே இருக்கட்டும். பாக்க லட்சணமா இருக்காரு."

அவள் ஆணி கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். சென்னிமலையை இளக்காரம் பேசிய என்னைப்போல் மானங்கெட்டவள் சேலத்தில் இல்லை.