சருகு மூட்டை

கண்ணகிக்கு நின்றபடியே தூங்கத் தெரியும். பன்னிரண்டு வருஷப் பழக்கம். விடிகாலை ஐந்து மணிக்குத் திருக்கழுக்குன்றத்தில் பஸ் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி, ரயிலைப் பிடித்துப் பொத்தேரிக்குப் போய், ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் வெங்காயம் உரிக்க உட்காருவாள். எண்ணூறு பிள்ளைகள் தின்கிற மெஸ். உரித்து, அரிந்து, சப்பாத்தி தேய்த்து, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி அதே ரயில், அதே பஸ். வீட்டுப்படி ஏற ஏழரை ஆகிவிடும். ஐம்பத்து நான்கு வயது உடம்பு அப்போது கேட்பது ஆளகலத் தரை மட்டும்தான். தலையணைகூட வேண்டாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் புருஷன் தீனதயாளன் பேச ஆரம்பிப்பார்.

"கண்ணகி, இன்னிக்கி இன்னா நடந்துச்சி தெரியுமா? தவிட்டுக்குருவி ஏழு வந்துச்சி. வரிசையா நின்னு குளிக்கிதுங்க, மேஸ்திரி நிக்க வெச்ச மாதிரி."

"உம்."

"கடேசியா ஒண்ணு. அது மட்டும் தண்ணில எறங்கவே இல்ல. சளி புடிச்சுகினு இருக்கும்போல."

"உம்."

இந்த உம் இருக்கிறதே, அதற்குக் காது தேவையில்லை. தீனதயாளன் எங்கே மூச்சு விடுவார் என்று வாய்க்கே தெரியும். அங்கே ஒன்றைப் போட்டுவிட்டு அவள் தூக்கத்தைத் தொடருவாள். குறை சொல்ல முடியாது, மனுஷி என்னதான் செய்வாள்?

அவர் கம்பெனி பஸ் ஓட்டியவர். இருபத்தாறு வருஷம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றி இறக்கினார். சர்க்கரை முற்றி வலது காலில் மூன்று விரலை எடுத்தார்கள், பிறகு வேலையிலிருந்தும் எடுத்தார்கள். முதல் வருஷம் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டிவி போடமாட்டார். "சாப்டியாய்யா?" என்றால் தலையாட்டுவார், அவ்வளவுதான். அந்த வருஷம் கண்ணகி வேலை முடிந்து வந்து கதவைத் தள்ளியதும் முதலில் ஃபேனைத்தான் அண்ணாந்து பார்ப்பாள். அது வெறுமனே சுற்றுகிறது என்று தெரிந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, மகள் திவ்யாவிடம்கூட.

ஒரு சித்திரை வெயிலில், அவர் கை கழுவிய தண்ணீர் பின்பக்கம் கிடந்த கொட்டாங்குச்சியில் தேங்கியது. கொண்டைக்குருவி ஒன்று வந்து அதைக் குடித்தது. மறுநாள் தீனதயாளன் நாற்காலியைச் சுவரிடமிருந்து திருப்பிப் பின்கதவுக்கு நேராகப் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒரு கொட்டாங்குச்சி ஐந்தாகிக் கயிற்றில் தொங்கியது. விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் தொட்டியை மண்ணில் பதித்துக் குளம் என்றார். தேன்சிட்டுக்குச் செம்பருத்தி, பட்டாம்பூச்சிக்கு எருக்கு, அணிலுக்கு நொய். பின்மூலையில் தென்னை மட்டை, முருங்கைக் கிளை, வேப்பஞ்சருகு எல்லாம் போட்டு இடுப்புயரத்துக்கு ஒரு குப்பல். "அத்த மட்டும் தொடாத, அதான் அதுங்களுக்கு வூடு" என்பார். பூச்சி, பூச்சியைத் தின்ன வருகிற அரணை, அரணைக்குக் குறி வைக்கிற செம்போத்து என்று அவருக்கு அந்தக் குப்பலில் ஓர் ஊரே தெரிந்தது.

கண்ணகிக்குத் தெரிந்தது குப்பைதான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்கள், இந்த மனுஷன் ஓணானுக்கு வெற்றிலை பாக்கு வைத்தல்லவா அழைக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். பேசுகிறாரே, அது போதும்.

பக்கத்து வீட்டு ஜெனிஃபர் திறப்பாள்.

"இன்னாக்கா இது, வூடா காடா? நேத்து ஒரு அரணை என் பாத்ரூம் வரிக்கும் வந்துட்ச்சி. அரணை கடிச்சா மரணம்ன்றாங்க. கழுகுக்கே மலை மேல சோறு வெச்ச ஊரு இது, அதுவே வராம எத்தினியோ வருசம் ஆவுது. இவுரு இன்னாத்துக்கு கண்ட பூச்சியெல்லாம் இட்டாந்து வெக்கிறாரு?"

தீனதயாளன் நாற்காலியில் இருந்தபடியே பதில் சொல்வார். "அரணை யாரையும் கடிக்காதும்மா. கடிக்கலாம்னுதான் கிட்ட வரும். வந்ததும் எதுக்கு வந்தோம்னு மறந்து பூடும். பாவம், அதுக்கு ஞாபகம் நிக்காது."

ஜெனிஃபரும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

இந்த மார்கழிக் கடைசியில் திவ்யாவுக்குத் தலைப்பொங்கல் வந்தது. அவளும் மாப்பிள்ளை ஷ்யாமும் படாளத்திலிருந்து வருகிறார்கள், கூடவே மாமியாரும். "பின்னால கொஞ்சம் க்ளீன் பண்ணிடும்மா, என் மாமியாரு பாத்தா எதுனா சொல்லுவாங்க" என்று போனில் மூன்று தரம் சொல்லிவிட்டாள். மெஸ்ஸில் பாதி ஆட்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டதால் கண்ணகிக்கு இரண்டு ஆள் வேலை. அந்த வாரம் சாப்பிட்ட தட்டின் பக்கத்திலேயே சாய்ந்துவிடுவாள். தீனதயாளன் மட்டும் என்றுமில்லாத உற்சாகத்தில் இருந்தார். எதையோ கைவிரித்துக் காட்டினார், குரலைத் தாழ்த்தினார், ஒருதரம் அவள் தோளைத் தொட்டுக்கூடச் சொன்னார். கண்ணகி எல்லாவற்றுக்கும் உம் போட்டாள்.

போகிக்கு லீவு போட்டிருந்தும் நாலரைக்கே எழுந்தாள். தெருவில் போகி மேளம் கேட்டது, வாசலுக்கு வாசல் நெருப்பு. அவளும் கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டை முறம் எல்லாவற்றையும் திரட்டினாள். வாசலுக்குச் சுமக்கத் தெம்பில்லை. பின்மூலையில்தான் மலைபோல் கிடக்கிறதே, அதோடு சேர்த்துக் கொளுத்தினால் ஒரே வேலையாகப் போய்விடும். கேட்டால் விடமாட்டார், தூங்கும்போதே முடித்துவிடலாம் என்று நினைத்தாள். பாயைக் குப்பலின் மேல் விரித்துத் தீக்குச்சியைக் கிழித்தாள்.

காய்ந்த மட்டை, சடசடவென்று பிடித்துக்கொண்டது. கண்ணகி இரண்டு கைகளையும் நீட்டிக் குளிர் காய்ந்தாள். உண்மையைச் சொன்னால் அந்த வாரத்திலேயே சுகமான நிமிஷம் அதுதான்.

குப்பலின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ ஓடிவந்தது. பெருச்சாளி என்று பின்வாங்கினாள். நீண்ட வாலைப் பார்த்த பிறகுதான் கீரி என்று தெரிந்தது. வாயில் எதையோ கவ்விக்கொண்டிருந்தது. வேலியோரம் அதைப் போட்டது. போட்டது அசைந்தது. கீரி அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, திரும்பி நெருப்புக்குள் போயிற்று.

"யோவ்! எழுந்து வாய்யா! யோவ்!"

ட்ரம்மில் பொங்கலுக்கென்று பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு ஊற்றினாள். கீரி இரண்டாவது குட்டியோடு வந்தது. முதுகு மயிர் கருகியிருந்தது. மறுபடி உள்ளே போகப் பார்த்து, முடியாமல், நெருப்பைச் சுற்றிச் சுற்றி ஓடியது. தீனதயாளன் வெறுங்காலோடு ஓடிவந்தார். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் ஓடி அவள் பார்த்ததில்லை. ஒரு சவுக்குக் கழியால் எரிகிற மட்டைகளை இழுத்து இழுத்துத் தள்ளினார்.

நெருப்பு அடங்கியபோது கீரியைக் காணவில்லை, வேலியோரம் இருந்த இரண்டு குட்டிகளையும் காணவில்லை. தீனதயாளன் ஈரச் சாம்பலைக் கழியால் கிளறிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்றார். குனிந்து, கொட்டாங்குச்சியால் மண்ணை அள்ளி எதையோ மூடினார்.

"மூணு குட்டி கண்ணகி," என்றார். "ஒரு வாரமா சொல்லிகினு கீறனே. கீரி குட்டி போட்டுகீது, குப்பல் பக்கம் போவாதன்னு. நேத்துகூட சொன்னனே. நீயும் உம்முன்னியே."

கண்ணகிக்கு அதில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை. கேட்கவே இல்லை என்று சொல்லலாம். ஆனால் அதைச் சொல்வது குட்டியைக் கொன்றதைவிடக் கேவலமாகத் தோன்றியது.

தலைப்பொங்கல் வந்து போயிற்று. சம்பந்தியம்மாள் பின்பக்கம் எட்டிப் பார்த்து, "பரவால்லியே, நல்லா சுத்தமா வெச்சிகீறீங்க" என்றாள். "அப்பா ஏம்மா ஒரு மாதிரியா கீறாரு?" என்று திவ்யா தனியாகக் கேட்டாள். "காலு நோவுதாம்" என்றாள் கண்ணகி.

அவர்கள் கிளம்பிப் போன அன்று தீனதயாளன் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தட்டைத் தூக்கி எறிந்திருந்தால்கூடப் பொறுக்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏழரைக்கு வந்து அவள் தரையில் சாய்வாள், கொஞ்ச நேரத்தில் வாய் பழக்கதோஷத்தில் உம் என்று சொல்லும். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டு விழிப்பாள். வீட்டில் யாரும் எதுவும் பேசியிருக்கமாட்டார்கள். இரண்டு வருஷமாக ஒரு மனுஷன் பகல் முழுக்கச் சேர்த்து வைத்து அவளுக்கென்று கொண்டுவந்து கொடுத்ததைத் தான் கைநீட்டி வாங்கவே இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தை மாத நடுவில் ஒருநாள் கதவைத் தள்ளியவள், செருப்போடு நின்று ஃபேனை அண்ணாந்து பார்த்தாள். பார்த்து முடித்த பிறகுதான் தான் செய்ததே தெரிந்தது.

மறுபடி ஒரு குப்பல் போட ஊரில் சருகு ஏது? போகிக்கே எல்லா வீட்டிலும் எரித்துத் தீர்த்திருந்தார்கள். மறுநாள் மெஸ்ஸுக்குப் பின்னால், பெருக்குகிறவர்கள் குவித்து வைத்திருந்த வாகைச் சருகைக் காலியான அரிசிச் சாக்கில் அமுக்கித் திணித்தாள். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் கண்டக்டர் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா மூட்டை?"

"சருகுய்யா."

அவர் சாக்கை அமுக்கிப் பார்த்தார். உள்ளே நொறுங்கியது. "ஆடு கீடு வெச்சிகினு கீறியா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு இத்தத் தூக்கினு போற?"

"இருந்தத எரிச்சிட்டேன்," என்றாள். கண்டக்டர் அவளை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

பிறந்ததிலிருந்து வீட்டைக் கூட்டிச் சருகை வெளியே தள்ளியவள், இப்போது முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து சருகைச் சுமந்து வீட்டுக்குள் கொண்டுவந்தாள். கரிந்த மூலையில் கொட்டினாள். தினமும் ஒரு மூட்டை. ஞாயிற்றுக்கிழமை முருங்கைக் கிளையை ஒடித்துப் போட்டாள், ஜெனிஃபர் வீட்டில் விழுந்த தென்னை மட்டையைக் கேட்டு வாங்கி இழுத்து வந்தாள். "நீயுமாக்கா?" என்றாள் ஜெனிஃபர். காலையில் கிளம்பும் முன் கொட்டாங்குச்சிகளில் தண்ணீர் ஊற்றினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. தீனதயாளன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்கும், கேட்டதாகக் காட்டிக்கொள்ளமாட்டார்.

ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகித் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டாள். இரவு வந்து தடவிப் பார்த்தால் ஐந்து கொட்டாங்குச்சியும் நிறைந்திருந்தது. கண்ணகி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் நின்றுபோகுமோ என்று பயம்.

மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். அன்றைய மூட்டையைக் கொட்டிவிட்டு, கைகால் கழுவி, தரையில் சாய்ந்தாள். கண் சொருகியது.

"கண்ணகி."

வாய் உம் சொல்லப் போயிற்று. உதட்டைக் கடித்து அதை நிறுத்தினாள். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். நாற்காலி பின்கதவைப் பார்த்துத் திரும்பியிருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

"இன்னாய்யா?"

அவள் விழித்திருக்கிறாளா என்று பார்ப்பதுபோல் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு அரணை வந்துச்சி."

"எங்க? அந்த மூலைக்கா?"

"அங்கதான். நீ கொட்டின சருகுல பூந்து பூந்து வந்துகினு இருந்துச்சி, மத்தியானம் பூரா." காலை நீவிக்கொண்டார். "அதுக்குத்தான் ஞாபகம் நிக்காதே. மறந்து பூட்டிருக்கும்."

கண்ணகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலை ஐந்து மணிக்கு பஸ், உரிக்க வெங்காயம் மூட்டை மூட்டையாகக் காத்திருக்கிறது, கண்ணைத் திறந்து வைத்திருக்கவே வலிக்கிறது. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கமா வந்துச்சி?" என்றாள். "மொதல்லேர்ந்து சொல்லுய்யா."