பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

அத்தை கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் பாதித் தேநீர் சாஸருக்குக் குடிபெயர்ந்தது.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. நம்ம சபைக் கீபோர்டுகாரர் சம்சாரம் அந்த ரூமுக்குள்ள அவ்வளவு நேரம் என்ன சொல்லிச்சு?"

மருமகள் ரொட்டியைத் தேநீரில் தோய்த்தாள். பகலெல்லாம் கல்லூரி, சாயங்காலம் சபையில் பயிற்சி, அதற்குப் பிறகு மாமியார். மூன்றில் கடைசிப் பாடத்துக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது.

"அதைச் சொல்லக் கூடாது அத்தை."

"ஊர்கிட்டயா, எங்ககிட்டயா?"

"யார்கிட்டயும்."

மாமனார் தொண்டையைச் செருமினார். அவர் போதகர், செருமினாலே பாதிச் சபை எழுந்து நிற்கும். "நான் மேய்ப்பன்மா. ஆட்டுக்கு என்ன நோவுன்னு மேய்ப்பனுக்குத் தெரிய வேண்டாமா?"

"ஆடே வந்து சொல்லட்டும் மாமா."

"பாத்தீங்களா பேச்ச! படிக்க வைக்க வேண்டாம்னு அன்னைக்கே தலையில அடிச்சுக்கிட்டேன்."

அன்றைக்கு அத்தை அப்படி எதையும் செய்யவில்லை. மகன் இறந்து, மருமகள் ஜன்னலோரமே கதி என்று கிடந்தபோது, கிறிஸ்தவ நோக்கில் உளநல ஆலோசனை என்ற முதுகலைப் படிப்பைப் பற்றித் தெரிய வந்தது. விதவை அலுவலகத்துக்குப் போனால் நாக்குகள் நீளும். ஊழியத்துக்குப் படித்தால் சுருண்டுகொள்ளும். சபைக்கும் 'ஆலோசனை அறை' என்று பலகை மாட்டலாம். போதகரே முன்னின்று, உடைந்த மைக்குகள் கிடந்த அறையைக் காலி செய்து இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அதற்குள் ஆட்கள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்பதை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை.

ஏனென்றால் அந்தச் சபையில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை. யாருக்கு என்ன துன்பம் என்றாலும் அது ஜெபக் குறிப்பாகிவிடும். பெயரோடும் விவரத்தோடும் மைக்கில் வரும். ஒருமுறை தையல்காரருக்கு மூலநோய் வந்தது. டாக்டர் அவரிடம் சொல்லுமுன் சபை முழங்காலில் நின்றது. பக்கத்து ஊர்க் கிளைச் சபையில் அது குணமாகிவிட்டதாகச் சாட்சியே சொல்லிவிட்டார்கள். தையல்காரருக்குத்தான் அந்தத் தகவல் கடைசிவரை வரவில்லை. குறிப்பே இல்லாத வீடு ஒன்றுதான்: போதகர் வீடு. அங்கே சமாதானம் மட்டுமே குடியிருப்பதாகச் சபை நம்பியது. மகனைப் புதைத்த அன்றுகூடப் போதகரின் மனைவி சிரித்த முகமாக வாசலில் நின்று கைகொடுத்தாள்.

கல்லூரியில் கதை வேறு. முதல் பயிற்சி வகுப்பில் ஒரு மாணவி துயரப்பட்டவளாக நடிக்க வேண்டும், மற்றவர்கள் ஆலோசனை தர வேண்டும். அவள் நாற்காலியில் உட்காருமுன்பே ஒருவர் வசனம் சொல்லி, தலையில் கைவைத்து, ஆசீர்வதித்து அனுப்பியும் விட்டார். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கர்த்தர் காதைத் திறந்து வெச்சிருக்காரு. நீங்க வாயைத் திறந்து வெச்சிருக்கீங்க. வசனம் மருந்துதான். காயத்தப் பாக்காமலே மருந்து போடுவீங்களா? அவங்க சொல்லி முடிக்கட்டும். அப்புறமும் கொஞ்சம் சும்மா இருங்க. சும்மா இருக்கறதும் ஜெபம்தான்."

சபையின் ஆலோசனை அறைக்குக் கீபோர்டுகாரரின் மனைவி அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தாள். மருமகள் சும்மா இருந்தாள். சட்டைக் கை மெல்ல மேலேறி, காயம் தானாகவே வெளியே வந்தது.

"உங்களுக்குப் பயமே இல்லாம இருக்கிற நேரம் எது அக்கா?"

அவள் யோசித்தாள். "சபையில ஜெபம் நடக்கும்போது. அவரு ரெண்டு கையும் கீபோர்டுல இருக்கும்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்தது அழுகையானது. "பஸ் ஏறி எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டாப் போதும். ஆனா கண்ணை விட்டு நகர விட மாட்டேங்கறாரு."

அந்தக் கீபோர்டுகாரர்தான் அன்று போதகரிடம் வந்து, தன் மனைவி உள்ளே என்ன பேசினாள் என்று கேட்டிருந்தார்.

"நல்ல மனுஷன்," என்றார் மாமனார். "குடும்பத்துல ஏதாச்சும்னா ஜெபத்துல வெச்சாச் சரியாயிடும். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துல நீயே எழுந்து ஜெபி. அவ சொன்னதைச் சொல்லி ஜெபி. இல்லன்னா அந்த ரூமைப் பூட்டிடுவேன். அப்புறம் காலேஜ்ல பயிற்சி முடியலன்னு நீயே சொல்லிக்கோ."

"சொல்லாம ஜெபிச்சா கர்த்தருக்குப் புரியாதா மாமா?"

"கர்த்தருக்குப் புரியும். சபைக்குப் புரியணுமில்ல?"

அவர் எழுந்து போன பிறகு அத்தை கோப்பைகளைக் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள்.

"மாமா அடிச்சுக் கேட்டாலும் சொல்ல மாட்டியா?"

"மாட்டேன் அத்தை."

அத்தை குழாயை மூடினாள்.

வெள்ளிக்கிழமை நண்பகல் கூடம் நிறைந்திருந்தது. கீபோர்டுகாரரின் மனைவி கதவோரம் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு துணிப்பை. மருமகள் மைக் முன்னால் வந்து நின்றாள்.

"கண்களை மூடுவோம்," என்றார் போதகர்.

எல்லாரும் மூடினார்கள். கீபோர்டுகாரரும் மூடிக்கொண்டு, ஜெபத்துக்கு அடியில் வழக்கமாக ஓடும் மெல்லிய இசையைத் தொடங்கினார்.

"ஆண்டவரே," என்றாள் மருமகள்.

அதோடு சரி.

ஜெபிப்பவர் ஆமென் சொல்லாமல் அந்தச் சபையில் யாரும் கண் திறந்தது கிடையாது. இசையும் நின்றது கிடையாது. மின்விசிறி சுற்றியது. முன்வரிசைப் பெரியவர் ஒரு தூக்கம் தூங்கி, கனவு கண்டு, கனவில் பசித்துச் சாப்பிட்டு, உபவாசம் ஞாபகம் வந்து மன்னிப்பும் கேட்டு முடித்தார். கீபோர்டுகாரர் துக்கமான ராகங்கள் தீர்ந்துபோய்க் கல்யாண ராகத்துக்கு வந்துவிட்டார். போதகர் இருமிப் பார்த்தார். செருமியும் பார்த்தார்.

கண் திறந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பையை எடுத்தாள். கதவு திறந்து, வெயில் ஒரு கோடாகத் தரையில் விழுந்து, மறைந்தது. கணவன் இரண்டு கைகளாலும் வாசித்து அவளை வழியனுப்பினான்.

தெருமுனையில் பேருந்து நின்று கிளம்பும் சத்தம் கேட்டது.

"ஆமென்," என்றாள் மருமகள்.

அறை அன்றே பூட்டப்பட்டது. பலகை மட்டும் தொங்கியது. பார்வைக்கு நன்றாக இருந்தது. பேராசிரியை நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தார்.

"பயிற்சிக்கு வேற இடம் பாக்கணும்மா. ஒரு வருஷம் தள்ளிப் போகும்."

"சரி மேடம்," என்றாள் மருமகள். எதிர்த்துப் பேசும் தெம்புகூட இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, மனைவி கைவிட்டுப் போன அருமைச் சகோதரனுக்காகச் சபை கண்ணீர் விட்டு ஜெபித்தது. சகோதரனே வாசித்தார். பிறகு போதகர் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு குறிப்பு. கீழ்ப்படியாத ஒரு சகோதரி. பேரைச் சொல்ல விரும்பல. கண்களை மூடுவோம்."

அந்தச் சபையின் சரித்திரத்திலேயே ஒரு பெயர் ரகசியமாகக் காக்கப்பட்டது அன்றுதான். காரணம், அது அவர் வீட்டுப் பெயர்.

மருமகள் அலுத்துப்போய்க் கண்ணை மூடினாள். தோளை யாரோ தொட்டார்கள். திரும்பினால், அத்தை. கைக்குள் ஒரு சாவி.

"எழுந்து வா," என்றாள் காதோடு. "அவரு ஆமென் சொல்ல நேரமாகும்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் பின்பக்கமாக நடந்தார்கள். இரண்டு நாற்காலிகளும் போட்டது போட்டபடி இருந்தன. மருமகள் கதவைச் சாத்தினாள். அத்தை உட்கார்ந்தாள், வாசலில் கைகொடுக்கும்போது போட்டுக்கொள்ளும் அந்தச் சிரிப்பு முகத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேல்ல?"

"மாட்டேன் அத்தை."

சிரிப்பு மெல்லக் கழன்றது. மருமகள் சும்மா இருந்தாள். கூடத்தில் கீபோர்டு வாசித்துக்கொண்டே இருந்தது.