கழுவக் கழுவ

குடும்பத்தில் அவளுக்குப் பூச்சி டாக்டர் என்று பெயர். கிருமிகளை ஆராய்ந்து பட்டம் வாங்கியவளை எறும்பு மருந்து விற்கிறவள் மாதிரி இப்படிக் கூப்பிடுவது நியாயமா என்று ஆரம்பத்தில் சண்டை பிடித்துப் பார்த்தாள். பலிக்கவில்லை. பெயரை வைத்தது அக்கா. அக்கா ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை மாற்ற இன்னும் ஆள் பிறக்கவில்லை.

அக்காவுக்கும் ஒரு பெயர் உண்டு. சோப்பு. அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் அத்தானுக்கு மட்டும்தான். அவரும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறப்பார். கையைக் கழுவும் முன் குழாயைக் கழுவி, கையைக் கழுவிய பின் கை பட்ட குழாயை மறுபடி கழுவுகிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

அப்படிப்பட்டவள் பழம் நறுக்கி விற்கும் தொழிலில் இறங்கியபோது, இதற்கென்றே பிறந்தவள் என்று எல்லோரும் சொன்னார்கள். குளிரூட்டிய ஒரு பெரிய கூடம், நான்கு எவர்சில்வர் மேஜைகள், தலைக்கும் வாய்க்கும் மூடி போட்ட பெண்கள், தர்பூசணி, அன்னாசி, முலாம்பழம். விடியுமுன் வேலை தொடங்கி மதியத்தில் முடிந்துவிடும். நறுக்கிய பழம் பெட்டிகளில் அடைபட்டுக் கடைகளுக்குப் போகும். இப்போது ஒரு பெரிய பிரசவ ஆஸ்பத்திரி கேட்டிருந்தது: வார்டில் இருக்கும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தினமும் காலையில் ஒரு பெட்டி. அடுத்த மாதம் முதல் அனுப்ப வேண்டும். அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு அக்கா எத்தனை வருஷமாக நடந்தாள் என்பது அவள் செருப்புக்குத்தான் தெரியும்.

பூச்சி டாக்டரின் ஆராய்ச்சி லிஸ்டீரியா என்ற கிருமியைப் பற்றியது. மற்ற கிருமிகள் குளிரில் சுருண்டு படுத்துவிடும். இது மட்டும் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே நிதானமாகப் பெருகும். வேகவைக்காமல் அப்படியே தின்னும் பண்டத்தில் இருந்தால் நேராக வயிற்றுக்குப் போகும். திடமான ஆளுக்கு லேசான காய்ச்சலோடு போய்விடும், பல பேருக்கு அதுகூட வராது. கர்ப்பிணிக்கு வந்தால் அவளுக்கும் காய்ச்சலோடுதான் போகும், ஆனால் வயிற்றில் இருக்கும் பிள்ளை பல சமயம் தங்காது. சின்னச் சின்னத் தொழிற்சாலைகளில் இந்தக் கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் அவள் வேலை. ஆய்வில் சேரும் இடங்களின் பெயர் எங்கும் வராது, வெறும் எண்தான்.

"எங்க இடத்தையும் சேத்துக்கோ," என்று அக்காவே முன்வந்தாள். "மத்தவங்க லட்சணம் தெரியணும்னா நல்லதா ஒண்ணு பக்கத்துல வேணும்ல."

ஒரு நாள் விடியுமுன்னே, வேலை தொடங்குவதற்குள், பூச்சி டாக்டர் ஈரப் பஞ்சால் மேஜை, கத்தி, தராசு, கதவுப் பிடி, தரையில் தண்ணீர் போகும் குழி எல்லாவற்றையும் துடைத்து எடுத்தாள். முந்தின நாள் அடைத்த பெட்டிகளில் சிலவற்றையும் எடுத்துக்கொண்டாள். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்ததில், குழியில் கிருமி இருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை, பாதித் தொழிற்சாலைகளில் குழியில் இருக்கும். ஆனால் ஒரு மேஜையிலும் இருந்தது, ஒரு பெட்டிக்குள்ளும் இருந்தது.

போனில் சொல்கிற விஷயமா இது? நேரில் போய்ச் சொன்னாள். அக்கா கடைசிவரை கேட்டாள், குறுக்கே பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உன் லேப்ல ஏதோ தப்பு நடந்திருக்கு," என்றாள் கடைசியில்.

"நடந்திருக்கலாம். மறுபடியும் பாக்குறேன். அதுவரைக்கும் பெட்டி வெளிய போகக் கூடாதுக்கா. கடையில இருக்கறதையும் திரும்ப எடுத்துடு."

"உன் மூஞ்சிக்காக எடுக்குறேன். வேற எவளாவது வந்து சொல்லியிருந்தா வாசப்படி தாண்டியிருக்க மாட்டா."

எடுத்தாள். வாகனத்தில் வந்து இறங்கிய பெட்டிகளை எண்ணாமல் குப்பையில் கொட்டினாள். அதோடு நிற்காமல், அந்த மேஜையில் முலாம்பழம் நறுக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, கையை ஒழுங்காகக் கழுவத் தெரிந்தால் வா என்று வீட்டுக்கு அனுப்பினாள். அந்தப் பெண் அழுதுகொண்டே போனதை அத்தான் வந்து சொன்னார். பூச்சி டாக்டருக்குச் சுருக்கென்றது.

அவள் ஆய்வகத்தில், தெரிந்த லிஸ்டீரியா ஒன்றை வேண்டுமென்றே வளர்த்து வைத்திருந்தார்கள். சோதனை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரிய, ஒவ்வொரு முறையும் அதையும் கூடவே சேர்த்துச் சோதிப்பார்கள். கை தவறி அதில் ஒரு துளி பக்கத்துக் குப்பியில் விழுந்தால் போதும், சுத்தமான பழத்திலும் கிருமி இருப்பதாக முடிவு வந்துவிடும். பூச்சி டாக்டரின் கையில் இதுவரை அப்படி ஒரு துளி தவறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வேறு யாராவது தவறவிட்டால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் பேசுவாள்.

இப்போது அந்தத் துளி தவறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பெட்டியில் கிடைத்த கிருமியின் மரபணுவும் ஆய்வகக் கிருமியின் மரபணுவும் ஒன்றாக இருந்தால், தப்பு அவளுடையது. அக்கா தப்பித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பழம் போகும், முலாம்பழப் பெண் வேலைக்கு வருவாள், பூச்சி டாக்டரின் மானம் மட்டும் போகும். மலிவு என்று நினைத்தாள்.

அவளோடு வேலை செய்யும் டெக்னீஷியனை எல்லோரும் நிதானம் என்று கூப்பிடுவார்கள். கட்டடம் தீப்பிடித்தாலும் குப்பிகளை வரிசைப்படி மூடிவிட்டுத்தான் வெளியே வருவார். அவர் சோதனை முடிவைத் திரையில் திறந்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"நம்ம கிருமி இல்ல மேடம். நம்ம கை சுத்தம்."

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"தப்பு நம்மளுது இல்லன்னு சொன்னா சந்தோஷப்படுறவங்களத்தான் பாத்திருக்கேன்," என்றார் நிதானம். "நீங்க என்ன மேடம், ஃபெயிலான மாதிரி உக்காந்திருக்கீங்க?"

பெட்டியில் இருந்ததும், மேஜையில் இருந்ததும், குழியில் இருந்ததும் ஒரே கிருமி. தரைக்குக் கீழே இருப்பது இடுப்பு உயர மேஜைக்கு எப்படி ஏறிற்று என்பதுதான் புரியவில்லை. அதற்குக் காலா இருக்கிறது?

இதற்குள் அக்கா சும்மா இருக்கவில்லை. ரோஷம் வந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். விற்பனை இல்லாத கூடத்தைத் தினமும் தானே நின்று கழுவினாள், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக. "இப்ப வந்து எடு," என்று தங்கையைக் கூப்பிட்டாள். எடுத்தாள். முடிவு வந்தபோது பூச்சி டாக்டர் அதை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். முன்பு ஒரு மேஜைதான். இப்போது நான்கு மேஜையிலும் இருந்தது, தராசிலும் இருந்தது. அக்கா கழுவக் கழுவக் கிருமி கூடியிருந்தது.

"போதும்," என்றாள் அக்கா அதைக் கேட்டதும். "உன் ஆராய்ச்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம். பேரு வெளிய வராதுன்னுதானே சொன்ன? வர வேணாம். மாசம் பொறந்ததும் நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் போறேன்."

"ஆராய்ச்சியில பேரு வராதுக்கா. ஆனா நீ அனுப்பினா நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்வேன். என் வேலை போனாலும் சொல்வேன்."

"கூடப் பொறந்தவளையே காட்டிக் குடுப்பியா?"

"குடுப்பேன்."

அத்தான் கையில் பிடித்திருந்த காபியை மேஜையில் வைத்தால் சத்தம் வரும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். சின்ன வயதில் இவளைக் குளிப்பாட்டித் தலை துவட்டியவள் அவள்தான். ஆனாலும் பூச்சி டாக்டர் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"ஒண்ணே ஒண்ணு செய்," என்றாள். "நீ கழுவுறத நான் ஒரு தடவை பாக்கணும்."

யாருமே அதைப் பார்த்ததில்லை. எல்லோரையும் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கடைசிக் கழுவலை அக்கா தனியாகத்தான் செய்வாள். அடுத்தவர் கழுவினால் அவளுக்குத் தூக்கம் வராது. மறுநாள் மதியம் தங்கை ஓரமாக நின்று பார்த்தாள். அக்கா மேஜைகளைத் தேய்த்தாள், அலசினாள், மருந்து தெளித்தாள், காயவிட்டாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. தன் மாணவர்களைக் கூட்டி வந்து காட்டலாம் போல இருந்தது. பிறகு தரை. கடைசியாகக் குழியின் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் குழாயை எடுத்து அதன் வாய்க்குள் அடித்தாள். உள்ளே இருக்கும் வழவழப்பு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

உயரத்தில் இருந்த ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்தது. அந்த வெளிச்சத்தில் குழியிலிருந்து மெல்லிய நீர்ப்புகை எழுந்து, கூடம் முழுக்கப் பரவி, நிதானமாக இறங்கியது. கீழே மேஜைகள் பளபளவென்று இருந்தன.

பூச்சி டாக்டர் அந்தப் புகை அடங்கும்வரை பார்த்துவிட்டுக் கிளம்பினாள். மறுநாள் கிருமி வளர்க்கும் தட்டுகளோடு வந்தாள். லிஸ்டீரியா விழுந்தால் அவற்றில் நீலப்பச்சைப் புள்ளியாக, சுற்றிலும் வெள்ளை வளையத்தோடு வளரும். மேஜைகள் காய்ந்தபின் சில தட்டுகளைத் திறந்து வைத்து மூடினாள். பிறகு வேறு சில தட்டுகளைத் திறந்து வைத்தாள்.

"இப்ப குழியை அடிக்கா. எப்பவும் போல."

"பாத்துக்கோ," என்று அக்கா எப்பவும் போல அடித்தாள்.

தட்டுகளில் வளர வேண்டியது வளர்ந்ததும் அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கட்டி, மூடியை யாரும் திறக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எடுத்து வந்தாள். கூடத்தை ஒட்டிய சின்ன அலுவலக அறையில், அக்காவின் முன்னால் வைத்தாள். அத்தானும் எட்டிப் பார்த்தார்.

"இது குழியை அடிக்கறதுக்கு முன்னாடி. சுத்தமா இருக்கு பாரு. இது நீ அடிச்சப்போ திறந்து வச்சது."

இரண்டாவது வரிசை முழுக்க நீலப்பச்சைப் புள்ளிகள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள்.

"மேஜைக்கு மருந்தெல்லாம் தெளிச்சு முடிச்சப்புறம்தானே நான் குழிக்கே போவேன்?"

"அதான்க்கா. நீ கழுவி முடிச்ச மேஜையிலதான் அது வந்து உக்காருது."

"தினமுமா?"

"தினமும்."

"நானேவா?"

பூச்சி டாக்டர் ஆமாம் என்று தலையசைத்தாள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "நான் அடிக்கும்போதே உனக்குத் தெரியும்ல?"

"சந்தேகமா இருந்துச்சு."

"பொய் சொல்லாத."

"தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? என் கையாலயே ஏன் அடிக்க விட்ட?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? வேற யாரையாவது அடிக்கச் சொல்லியிருந்தா, அவளுக்கு அடிக்கத் தெரியலன்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்," என்று அக்கா ஒப்புக்கொண்டாள்.

முதலில் முலாம்பழப் பெண்ணுக்குப் போன் செய்தாள். "நாளைக்கு வேலைக்கு வா. தப்பு உன் மேல இல்ல, என் மேலதான். நேர்ல சொல்றேன், வா." அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு ஆஸ்பத்திரியின் எண்ணைத் தேடினாள்.

அத்தான் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். "கிருமி அது இதுன்னு சொல்ல வேணாமே. மெஷின் ரிப்பேர், கொஞ்ச நாளாகும்னு சொல்லு. எல்லாம் சரியான பிறகு திரும்பப் பேசிக்கலாம். பேரு கெட்டுட்டா அப்புறம் யாரு வாங்குவா?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் பூச்சி டாக்டருக்கும் பட்டது. பழம் போகாமல் இருந்தால் போதாதா? அக்காவைப் பார்த்துச் சரி என்பது போலத் தலையாட்டினாள். இரண்டு பேரையும் அக்கா பார்த்த பார்வையில் இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டார்கள்.

"வணக்கம்ங்க, பழப் பெட்டிக்காரம்மா பேசுறேன்," என்றாள் போனில். குரல் தெளிவாக இருந்தது. "மாசம் பொறந்தா அனுப்பறதா இருந்துச்சே, அது முடியாதுங்க. எங்க இடத்துல லிஸ்டீரியா இருக்கு. ஆமாங்க, அந்தக் கிருமிதான். மேஜையில இருக்கு, ஒரு பெட்டிக்குள்ளயும் இருந்துச்சு… இல்லங்க, எப்ப சரியாகும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"தாராளமா வேற இடத்துல வாங்கிக்கங்க. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி, உங்க மேஜையில பஞ்சு வச்சுத் துடைச்சு லேப்ல குடுத்துப் பாத்தீங்களான்னு அவங்கள ஒரு வார்த்தை கேளுங்க. பாக்கலன்னு சொன்னா வாங்காதீங்க. நானும் பாக்காமத்தான் இருந்தேன். என்னைவிட சுத்தமா இருக்கறதா அவங்க சொல்வாங்க, நம்பாதீங்க."

போனை வைத்தாள். இத்தனை வருஷம் நடந்த ஆஸ்பத்திரி வாசல் அந்த ஒரு பேச்சில் சாத்திக்கொண்டது. அது அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். அத்தான் வெளியே போனார்.

"நீயும் கெளம்பு," என்றாள் அக்கா. "எனக்கு அழணும். நீ இருந்தா முடியாது."

"எனக்கும்தான் அழணும்," என்று சொல்லி, பூச்சி டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.