லோர்ன் போட்ட கோடு

கோடு அழகாகத்தான் இருந்தது. குவெண்டாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. கனடாவில் முப்பத்தொரு வருஷம் காட்டையும் மலையையும் அளந்து படம் போட்ட நில அளவையாளன், அவள் புருஷன் லோர்ன். படகு போகும் வழியாக ஸ்கிரீனில் கடல்படத்தின் மேல் அவன் போடும் கோடு அழகில் என்றைக்கும் குறைவைத்ததில்லை.

போன மாதமும் இப்படி ஓர் அழகான கோட்டின் மேல்தான் அவள் படகை இம்மி பிசகாமல் ஓட்டினாள். கோட்டின் நடுவில் பாறை இருந்தது. சுக்கான் உடைந்து இரண்டு வாரம் பட்டறையில் கிடந்தார்கள். கனடாவில் நானைமோ ஊரில் இருந்த வீட்டை விற்றுத்தான் இந்த ‘கர்லூ’வை வாங்கியிருந்தார்கள். முப்பத்தாறு அடிப் பாய்மரப் படகு, இனி வீடு வாசல் எல்லாம் அதுதான். இன்னொரு தரம் இடித்தால் அடிக்கட்டை தாங்காது என்று பட்டறைக்காரன் கையை விரித்துவிட்டான்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆறாதது வேறு. காலை எட்டு மணிக்கு, அவர்கள் இப்போது சுற்றிவரும் பாஹாக் கரையோர வளைகுடாவில் திரியும் படகுக்காரர்கள் எல்லாம் வானொலியில் கூடிப் பேசுவார்கள். யார் எங்கே, காற்று எப்படி, யாரிடம் உபரி மோட்டார் பெல்ட் இருக்கிறது என்று ஊர்க்கதை முழுக்க அதில் ஓடும். அந்தக் கூட்டத்தில் லோர்ன், "குவெண்டா கொஞ்சம் கோட்ட விட்டு விலகிட்டா" என்று சொல்லியிருந்தான். அவ்வளவுதான். அன்றிலிருந்து பாஹாக் கரை நெடுக அவள்தான் படகைப் பாறையில் ஏற்றியவள். சந்தைக்குப் போனால்கூட, "கவலப்படாத குவெண்டா, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று யாராவது ஆறுதல் சொன்னார்கள்.

இப்போது மணி பதினொன்றரை. முன்னால் சான் இலாரியோ குடா. மாலைக்குள் வடகாற்று இறங்கும், இறங்கினால் மூன்று நாள் பேயாட்டம் ஆடும். நாற்பது மைலுக்கு ஒதுங்க வேறு இடமில்லை. குடாவின் வாய் கிழக்கே பார்த்தது. அதன் நடுவில் எங்கேயோ தண்ணீருக்கடியில் பாறைத்திட்டு ஒன்று படுத்திருந்தது. மத்தியானம் சாய்ந்தால் வெயில் நேர் முகத்தில் அடிக்கும், தண்ணீர் தகரமாய் மின்னும். அப்புறம் பாறையாவது மண்ணாவது, ஒன்றும் தெரியாது.

"நேத்து நாம நங்கூரம் போட்டப்ப ஸ்கிரீன்ல எங்க இருந்தோம்?" என்றான் லோர்ன்.

"மலை மேல. கள்ளிச்செடிக்கு நடுவுல."

"அதேதான். படத்துல கரை எண்ணூறு மீட்டர் கிழக்க தள்ளியிருக்கு. அதனால இன்னிக்குக் கோட்ட எண்ணூறு மீட்டர் மேற்க நகத்திட்டேன். இனிமே பிழையே கெடையாது. கோட்டு மேல போ, போதும்."

குவெண்டா ரேடாரைப் பார்த்தாள். கரையின் வடக்கு முனையைத் தொட்டுத் தூரம் எடுத்தாள். லோர்ன் திருத்திய கணக்கில் முனை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கவில்லை. இன்னொரு தரம் எடுத்தாள்.

"நானூறு மீட்டர் ஒதைக்குது லோர்ன். வடக்கயும் தள்ளியிருக்கு."

"ரேடார் தப்பா இருக்கும்."

"ஆமா, ரேடார் தப்பு, கடல் தப்பு, நான் தப்பு. நீயும் உன் கோடும் மட்டும் சரி."

அவன் முகம் சுருங்கியது. அவள் விடவில்லை.

"தரையில நீ ஒரு படத்த ஒரு தரம் திருத்தினா முழுசும் திருந்திடும். இங்க அப்படியில்ல. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னால எவனோ குடாவுக்குக் குடா நட்சத்திரத்தப் பாத்து வரைஞ்சிருக்கான். நேத்து நாம நின்ன குடாவுல அவன் பண்ணின தப்பு வேற, இங்க பண்ணினது வேற."

"அப்ப குருட்டாம்போக்குல உள்ள போகச் சொல்றியா?"

"கண்ணத் தொறந்துட்டுப் போகச் சொல்றேன். சக்கரத்தப் புடி. நான் மேல ஏறப்போறேன்."

"உனக்கு அம்பத்தெட்டு வயசாகுது."

"உன் முட்டிக்கு எழுபது. புடி."

பாத்திரம் துடைக்கும் துண்டை எடுத்து ஸ்கிரீனின் மேல் போர்த்தினாள். காதில் மாட்டிப் பேசும் கருவியை அவனிடம் ஒன்று கொடுத்துத் தானும் ஒன்று மாட்டிக்கொண்டாள். படகுக்காரர்கள் இதற்குக் கல்யாணக் காப்பான் என்று பெயர் வைத்திருந்தார்கள். இது இல்லாத காலத்தில் நங்கூரம் போடும் இடத்தில் எத்தனையோ குடும்பம் கத்திக் கத்தியே பிரிந்ததாம்.

பாய்மரத்தில் அடித்திருந்த படிகளைப் பிடித்து ஏறினாள். மரத்தின் குறுக்குக்கட்டையில் உட்கார்ந்து இடுப்பு வாரை மாட்டினாள். கீழே லோர்ன் சின்னதாகத் தெரிந்தான். முன்னால் குடா திறந்து கிடந்தது. கருநீலம் ஆழம். வெளிர்பச்சை மணல். எங்காவது பழுப்பு தெரிந்தால் அது எமன்.

"மெதுவா நேரா போ. ஆழம் சொல்லிட்டே இரு."

"பதினாலு. பன்னண்டு. ஒம்பது."

நேர் முன்னால் பச்சைக்குள் பழுப்பு ஒன்று மங்கலாக எழுந்தது. மேகநிழலோ என்று அண்ணாந்தாள். வானத்தில் ஒரு துணுக்கு மேகமும் இல்லை.

"வலப்பக்கம் திருப்பு. நல்லா திருப்பு."

படகு கொஞ்சம் திரும்பியது, பிறகு பழையபடி நேரானது. அவள் குனிந்து பார்த்தாள். லோர்ன் ஒரு கையால் துண்டின் ஓரத்தைத் தூக்கிப்பிடித்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"துண்டக் கீழ போடு லோர்ன்."

"இல்ல, கோட்டுப்படி நேராத்தான்..."

"நம்ம வீடு இது. துண்டக் கீழ போட்டுட்டு வலப்பக்கம் திருப்பு. இல்லன்னா நான் எறங்கி வந்து உன்னத் தண்ணியில தள்ளிட்டு நானே திருப்புவேன்."

"ஆறு," என்றான் லோர்ன். "நாலு. குவெண்டா, நாலு!"

"திருப்பு!"

திருப்பினான். சக்கரத்தை ஒடித்துத் திருப்பினான். கர்லூ சாய்ந்தது, பாய்மரத்தோடு அவளும் சாய்ந்தாள். மூன்று என்ற சத்தம் காதில் விழுந்தது. அடிக்கட்டைக்கு இரண்டு மீட்டர் வேண்டும். பிறகு மறுபடி நாலு, பிறகு ஏழு. இடப்பக்கம் அந்தத் திட்டு நழுவிப் போனது. பாசி படிந்த முதுகும் அதன்மேல் மேயும் மஞ்சள் மீன்களும் லோர்னுக்கும் நன்றாகவே தெரிந்திருக்கும். நேராகப் போயிருந்தால் சரியாக அதன் நடுமண்டையில் ஏறியிருப்பார்கள்.

ஐந்து மீட்டர் மணலில் நங்கூரம் கவ்வியது. அவள் இறங்கி வந்தாள். லோர்ன் பீன்ஸைச் சூடாக்கி டோர்ட்டியா ரொட்டியில் சுற்றி அவள் கையில் கொடுத்தான். பசித்தது, தின்றாள்.

மூன்று மணிக்கு வானொலி கரகரத்தது. ஃபெரிஸ். காலைக் கூட்டத்தை நடத்துகிறவன், வளைகுடாவின் நாட்டாமை.

"கர்லூ, கர்லூ. பத்திரமாப் போய்ச் சேந்தீங்களா? சக்கரத்துல யாரு, குவெண்டாவா? பாறைக்கு ஒண்ணும் ஆகலையே?" சிரித்தான். இன்னும் இரண்டு மூன்று படகில் இருந்தவர்களும் குறுக்கே சிரித்தார்கள். "காத்து நின்னதும் நாங்க மூணு படகும் அங்கதான் வரோம். லோர்ன், உன் கோட்டுப் புள்ளிய எல்லாம் சொல்லு, எழுதிக்கறோம்."

லோர்ன் ஒலிவாங்கியை எடுத்தான். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள், கண்ணை எடுக்காமல்.

"கோடு கெடையாது ஃபெரிஸ்," என்றான். "எழுதாத. காலைல வெயில் முதுகுக்குப் பின்னால இருக்கறப்ப வாங்க, மேல ஒரு ஆள ஏத்திக்கிட்டு வாங்க. இன்னிக்கு நான் போட்ட கோடு நேராப் பாறையிலதான் போய் முடிஞ்சுது. குவெண்டாதான் உள்ள கொண்டுவந்தா." ஒலிவாங்கியை இன்னும் வாய்க்குக் கிட்ட வைத்தான். "போன மாசமும் அவ விலகல. நான் போட்ட கோட்டு மேல சரியாத்தான் வந்தா. கோடுதான் தப்பு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

வானொலியில் யாரும் சிரிக்கவில்லை.

"லோர்ன், கடைசி வார்த்த எல்லாம் வெட்டி வெட்டி வந்துச்சுப்பா," என்றான் ஃபெரிஸ், மெதுவான குரலில். "எனக்குப் பாதிதான் கேட்டுச்சு."

லோர்ன் ஒலிவாங்கியை மாட்டப்போனான். குவெண்டா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கேக்கலையாம்," என்றாள். "இன்னொரு தரம் சொல்லு. சத்தமாச் சொல்லு."