துண்டு இலக்கம் 117

கொன்ஸ்டபிளாகச் சேர்ந்து, சார்ஜன்ட் ஆகி, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவள் நான். ஒவ்வொரு உயர்வுக்கும் அம்மா மடுமாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார். போன வருஷம் தேர்தலில் வென்று நகரசபைத் தவிசாளரான அன்று மட்டும், "இனியாவது சனத்தோட சிரிச்சுக் கதை, நிறஞ்சலா" என்றார்.

சிரிக்க எங்கே நேரம்? உப்புக்குளத்தில் மழைத்தண்ணீர் கடலுக்குப் போகும் கானை மூடி ஒருத்தர் கடை கட்டிவிட்டார். மாரி மழை வந்தால் என் வீட்டோடு சேர்த்து நாற்பது வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். வழக்குப் போட, பாதிக்கப்பட்டவர்களில் இருபது பேராவது ஆளுக்கொரு முறைப்பாடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாரிக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

சனிக்கிழமை காலை தேவாலய மண்டபத்தில் மேசை போட்டேன். சனம் நிறைய வந்தது. முதலில் வந்த எமிலியானுஸ் அண்ணையிடம் பழக்கதோஷத்தில் கேட்டேன்: "முழுப்பெயர்? தகப்பன்ர பெயர்? அடையாள அட்டையைத் தாங்கோ."

"வலையை வெயிலில விட்டிட்டு வந்திட்டன், மிஸ்" என்று அவர் நழுவினார். அடுத்து வந்த பெண்ணுக்கு அடுப்பில் உலை. பத்து நிமிஷத்தில் மண்டபமே காலி. "வீட்டுக்குள்ள தண்ணி வந்தாலும் இவைக்கு ரோசம் வராதோ?" என்று சபை எழுதுவினைஞர் கொலின்ஸிடம் கத்தினேன். எனக்குக் கோபம் மூக்குநுனியில்தான் இருக்கும்.

ஒருவர் மட்டும் போகவில்லை. கருவாடு விற்கும் அன்ரோனெற் அக்கா. செபப் புத்தகத்துக்குள் இருந்து மஞ்சளேறிய காகிதத் துண்டொன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் 117. என் கையெழுத்து.

"என்ர மகன் றெனால்டைக் காணேல்லை எண்டு பதினேழு வருஷத்துக்கு முதல் உங்களிட்டத்தான் சொன்னனான். அண்டைக்கும் இப்பிடித்தான் எல்லாம் கேட்டுப் புத்தகத்தில எழுதினீங்கள். அந்தப் புத்தகம் எங்க, மிஸ்?"

எனக்கு நினைவே இல்லை. அதுதான் நெஞ்சைச் சுட்டது. ஆறு மாதத்தில் பதவி உயர்வோடு வேறு ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

"தெரியாது அக்கா. தேடவும் இல்லை" என்றேன்.

"அதுதான் சனம் போகுது. புத்தகத்தில ஏறின பேருக்கு ஒரு பதிலும் வந்ததில்லை."

கொலின்ஸிடம் கார்பன் தாள் வாங்கி, முதல் முறைப்பாட்டை நானே எழுதினேன். என் பெயர், என் அட்டை இலக்கம், கான், கடை. கீழே, பதினான்கு நாளில் பதில் சொல்லவேண்டியவர் தவிசாளர் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிரதியை அக்காவிடம் கொடுத்தேன்.

"எல்லாருக்கும் இப்பிடிப் பிரதி தருவன். நான் மறந்தால் இதோட என்ர வாசலுக்கு வாங்கோ."

அக்கா அதை வாசித்துப் பார்த்துவிட்டு வெளியே போனார். மத்தியானத்துக்குள் எமிலியானுஸ் அண்ணை உட்பட முப்பத்திநாலு பேர் திரும்பி வந்து கையெழுத்திட்டார்கள்.

எல்லாரும் போனபின் அக்காவை இருத்தி இன்னொரு தாள் எடுத்தேன். 117க்கு என்ன நடந்தது என்று பொலிஸ் மேலிடத்துக்கு ஒரு முறைப்பாடு.

"இது சபை வேலை இல்லையே, மிஸ்" என்றார் கொலின்ஸ்.

"ஓம். என்ர வேலை."

றெனால்டின் முழுப்பெயரை அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். 'யாருக்கு எதிராக' என்ற இடம் வந்தது. அதில் முதலாவதாக என் பெயரை எழுதி, தாளைக் கையெழுத்துக்கு அக்காவிடம் நீட்டினேன்.