மாடி லேபை இறக்கின மாமா

நம்ம குடும்ப குரூப்புல எல்லாருக்கும் சொல்றது உங்க கடைக்குட்டி. வயசு இருபத்திமூணு. அக்கா வீட்டு சமையல்கட்டுல நின்னுக்கிட்டு, போன்ல பேசிப் பேசியே எழுதறேன். பதறாதீங்க, நல்ல சேதிதான்.

நேத்து காலையில அக்கா கிளம்பிட்டா. லாண்டரில இஸ்திரி வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிட்டு, மாமாவையும் இழுத்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போனா. எல்லாம் அவ பொண்ணு வாலுவுக்காகத்தான். ஊன்றுகோல் வச்சு நடக்கற புள்ளை, படி ஏற முடியாது. சயின்ஸ் லேபோ மாடியில. மத்த புள்ளைங்க பல்பு எரிய விட்டுப் பார்க்கறப்போ இவ மட்டும் கீழே லைப்ரரில தனியா உக்காரணுமாம், வருஷம் பூரா.

மாமா வீட்டுச் சாமான் ஏத்தி இறக்கற லாரிக்காரர். வாய் கம்மி. நீ பேசு, நான் தலையாட்டறேன்னு வழியிலேயே பேச்சுலேர்ந்து கழண்டுக்கிட்டார். கல்யாணத்துலேர்ந்து அதைத்தானே செய்யறீங்கன்னு அக்கா ஒரு குத்து குத்தினா.

ஹெட்மிஸ் நல்லவங்கதான், டீயெல்லாம் குடுத்தாங்க. ஆனா லிஃப்ட் வைக்க வழியில்லை, படம் போட்ட புத்தகம் இருக்கேன்னு பூசி மெழுகினாங்க. அக்கா விடலை. தெரிஞ்ச பாஷை, தெரியாத பாஷை எல்லாத்தையும் கலந்துகட்டிக் கேட்டா: "தண்ணி கொதிக்கறதைப் படத்துல பார்த்தா ஆவி மூஞ்சியில அடிக்குமா மிஸ்?"

லேபையே கீழே கொண்டு வாங்களேன்னா. குழாய் இருக்கற ரூம் வேணுமேன்னாங்க ஹெட்மிஸ். வெளி பெஞ்சுல உக்காந்திருந்த வாலு கதவிடுக்குல தலையை நீட்டினா.

"டீச்சருங்க டீ குடிக்கற ரூம்ல குழாய் இருக்கு மிஸ். அவங்களுக்குத்தான் கால் நல்லா இருக்கே, மேல போய்க் குடிக்கட்டும்."

அக்கா முறைச்சா. உள்ளுக்குள்ள கொஞ்சினா. ஹெட்மிஸ்ஸுக்கு சிரிப்பு வந்துடுச்சு. "சரிம்மா, அத்தனை மேஜை, அலமாரியை யாரு தூக்கறது?"

பேச்சை முடிச்சுக்கத்தான் அப்படிக் கேட்டாங்க. ஆனா மாமாகிட்ட ஜனங்க வழக்கமா கேக்கற முதல் கேள்வியே அதுதானே. டீ கப்பை வச்சார், எழுந்தார், விறுவிறுன்னு போயிட்டார். பாத்ரூம் போறார்னு அக்கா நினைச்சா. கொஞ்ச நேரத்துல படியில தடதடன்னு சத்தம். எட்டிப் பார்த்தா, லேப் மேஜை ஒண்ணை முதுகுல ஏத்திக்கிட்டு இறங்கறார். பின்னாடியே வாட்ச்மேன் கத்திக்கிட்டு வர்றார். அக்காவுக்கு மானமே போச்சு. எல்லாம் கெட்டுதுன்னு கண்ணை மூடிக்கிட்டா.

"எங்க மிஸ் வைக்கட்டும்?"ன்னார் மாமா, மூச்சு கூட வாங்காம.

ஹெட்மிஸ் ரூமை விட்டு வெளியே வந்தாங்க. எதிர்ல டீ ரூம் கதவை வாலு திறந்து, மூடிக்காம இருக்க ஊன்றுகோலை முட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தா. அவங்க அந்தப் புள்ளையைப் பார்த்தாங்க.

"ஜன்னலோரமா வைங்க. வெளிச்சம் வரட்டும்."

அக்கா இன்னும் சிரிச்சு முடிக்கலை. வாலு தூங்கவே மாட்டேங்கறா. மிச்சச் சாமானையெல்லாம் சனிக்கிழமை இறக்கறாங்க, டீச்சருங்களும் கை குடுக்கறாங்களாம். இதைப் படிக்கறது யாரா இருந்தாலும், சனிக்கிழமைக்கு முன்னாடி மாமாவுக்கு ஒரு போன் போட்டு இடுப்பு பெல்ட்டைக் கட்டச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார்.